பசிக்காத பிள்ளை

மத்தியானம் பன்னிரண்டரை. இரவு இல்லை... நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பட்டப்பகல். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம். கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே போகிற கிறவல் வீதி. இரண்டு பக்கமும் வெட்டி முடித்த வயல் வட்டை. ஒரு மாடு இல்லை, மனிதர் இல்லை. அந்த வீதியில் ஒரு பெண் கையில் பையோடு தனியாக நடந்து போகிறார்.

அவர் யாரென்றால், இதோ இருக்கிறாளே தனுஷியா, இவளுடைய பெரியம்மா. பெயர் ஆச்சிப்பிள்ளை, ஊர் பெரியகல்லாறு. நான் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் தனுஷியா என்னை மறிக்கட்டும். ஆர்த்திகா, உனக்கு ஏழாம் மாதம்... நீ உள்ளே போய்ப் படுத்தால் நல்லது. மாட்டாயா? சரி, நடுவில் வந்து இரு. பலகாரத் தட்டை அங்கால் தள்ளுங்கள். அந்தக் கதவையும் சாத்துங்கள்.

பிள்ளை பெற்ற வீடுகளில் முப்பத்தொரு நாள் தங்கி, தாயையும் பிள்ளையையும் பார்ப்பதுதான் பெரியம்மாவின் வேலை. இருபது வருடமாக அதுதான். பெற்றவளுக்குக் காயச்சரக்கு அரைத்துக் கொடுப்பார். இலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்ப்பார். இரவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தாயைத் தூங்கவிடுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தாயின் முகத்தைத்தான் பார்ப்பார். பிள்ளையைப் பார்க்கத்தான் ஊரே வருமே.

இந்த வீட்டில் தாயின் முகம் தெரியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

மேனுகா. இருபத்துமூன்று வயது. முதல் பிள்ளை, சீசர் செய்து ஒன்பதாம் நாள். புருஷன் யதுர்ஷன் கட்டாரில் வேலை. பெரியம்மாவைப் போனில் ஒழுங்கு செய்தவனும் அவன்தான். மேனுகாவுக்குத் தாய் இல்லை. வீட்டில் இருந்தது மாமியார் சீதேவிப்பிள்ளை மட்டும். அவர் வாசலில் வைத்தே தொடங்கிவிட்டார்.

"மகன் சொன்னதுக்காகத்தான் உள்ள விடுறன். இவளுக்கு ஒரு சொட்டுப் பால் இல்ல. புள்ளையத் தொடவும் மாட்டாளாம். நாங்களும் பெத்தனாங்கதான்."

"மறுகா புள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க?"

"மாப்பால் கரைச்சிக் குடுத்தன். துப்புது. பசிச்சி அழவும் இல்ல."

ஒன்பது நாள் பிள்ளை. தாய்ப்பாலும் இல்லை, மாப்பாலும் இல்லை. வாடிச் சுருண்டு கிடக்கும் என்று நினைத்துத்தான் பெரியம்மா ஏணைத் தொட்டிலின் சீலையை விலக்கினார். பிள்ளை கொழுகொழுவென்று கிடந்தது. ஆண் பிள்ளை. தொடையில் மடிப்பு. கடைவாயில் பால்.

விரலால் துடைத்தார்... பால் குளிர்ந்திருந்தது. கிணற்றின் அடித்தண்ணீர் எப்படியிருக்கும், அப்படி. மணந்து பார்த்தார். தாய்ப்பால்தான். அந்த மணம் அவருக்குத் தப்பாது. அதோடு இன்னொரு மணமும்... வாவி வற்றினால் கரையில் ஒரு சேற்று மணம் வருமே, அது.

மாமியார் யாரையோ கூட்டிவந்து கள்ளமாகப் பால் கொடுப்பிக்கிறார் என்றுதான் பெரியம்மா முதலில் நினைத்தார். பின்னேரம் மேனுகாவுக்குத் தலை வாரிவிடும்போது மெல்லக் கேட்டார். மேனுகா திரும்பாமலே சொன்னாள்.

"அது எண்ட புள்ள இல்ல, பெரியம்மா. அதுக்கு வேற ஆள் இரிக்கி. மத்தியானத்தில வருது. நான் கிட்டப் போனா எனக்கு அடிக்குது."

பெரியம்மாவுக்குப் பயம் வரவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு மனம் குழம்புவதை அவர் எத்தனையோ வீட்டில் கண்டவர். நாள்கணக்கில் தூக்கமில்லாவிட்டால் யாருக்கும் அப்படித்தான். டொக்டரிடம் காட்டவேண்டும் என்று நினைத்தபடி அவளுடைய சட்டையைத் தளர்த்தினார்.

இடது மார்பில் நாலு விரல் பதிந்திருந்தது. நீலமாக. அதையும் மாமியாரின் கை என்றே நினைத்தார்.

பெரியம்மா வந்த மூன்றாம் நாள் ஊர் மிட்வைஃப் வந்தார். பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டார். கொப்பியில் எழுதினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிறந்த நிறையவிட எழுநூறு கிராம் கூட! இப்பிடிப் பால் குடுக்கிற தாயை நான் கண்டதில்ல, மேனுகா."

மேனுகாவும் சிரித்தாள். நிறுத்தவில்லை. மிட்வைஃபின் சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். மிட்வைஃப் டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதிப் பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை வரச்சொல்லி.

அன்று பெரியம்மா மாமியாரிடம் நேரே கேட்டார்.

"ஆரைக் கூட்டிவந்து குடுப்பிக்கிறீங்க?"

"எண்ட வீட்டுக்குள்ள நிண்டு என்னையே கள்ளி எண்டுறியோ? பையைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு அங்கால போ!" சீதேவிப்பிள்ளை கத்தினார். கத்தி முடித்துவிட்டு, மூச்சு வாங்கி, சின்னக் குரலில் ஒன்று சொன்னார்.

"புள்ள வளருதுதானே. ஆரு குடுத்தா என்ன?"

அப்போதுதான் பெரியம்மாவுக்குப் பயம் வந்ததாம். ஏனென்றால் அந்த மனுசி சொல்லும்போது பெரியம்மாவைப் பார்க்கவில்லை. ஏணையைப் பார்த்துச் சொன்னார். பயந்து பயந்து, ஒரு பெரிய ஆளிடம் சொல்வதுபோல.

இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வந்தது. தினமும் பன்னிரண்டு மணிக்கு மாமியார் பெரியம்மாவைக் கடைக்கு அனுப்புவார். இலை பிடுங்க அனுப்புவார். ஏதாவது ஒரு வேலை. திரும்பி வரும்போது அறைக்கதவு வெளியால் பூட்டியிருக்கும். உள்ளே மேனுகா சுவரைப் பார்த்துக் கிடப்பாள்.

விட்டுவிட்டு வந்திருக்கலாம். பெரியம்மாவே சொல்வார், அன்றிரவு பையைக் கட்டியும் வைத்தாராம். மேனுகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவிழ்த்துவிட்டார்.

அதன் பிறகு தன் வேலையைப் பிடிவாதமாகச் செய்தார். சுறாவும் முருங்கை இலையும் சமைத்து ஊட்டினார். சுடுதண்ணீர்த் துணியால் மார்பை ஒற்றினார். தூங்கவைத்தார். விழித்தால் பக்கத்தில் இருந்து அவள் பேசுவதைக் கேட்டார். பிள்ளை பிறந்து பதினான்காம் நாள் காலை... மேனுகாவின் சட்டை நனைந்தது. பால். சூடான பால். அவள் அதைத் தொட்டுப் பார்த்து அழுதாள்.

அந்த நேரம் குசினியில் 'டமார்' என்றது. இலை அவித்த பானை, கொதிக்கக் கொதிக்க, அடுப்பிலிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி வந்து உடைந்து கிடந்தது. குசினியில் யாரும் இல்லை.

அன்று மத்தியானம் பெரியம்மா கடைக்குப் போகவில்லை. அறைக்குள்ளேயே பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மேனுகா கட்டிலில். வெளியால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

காற்று நின்றது. கச்சான் காலத்தில் அந்த நேரம் காற்று நிற்காது... நின்றது. கோழிச்சத்தம்கூட இல்லை. சேற்று மணம் அறைக்குள் வந்தது.

கிறீச்...

ஏணைக் கயிறு. ஒரு தரம்தான். பிறகு கயிறு மெல்ல இழுபடத் தொடங்கியது. பாரம் ஏறினால் இழுபடுமே, அப்படி. ஏணை தாழ்ந்து தாழ்ந்து நிலத்துக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது.

சப்... சப்... சப்...

பெரியம்மா எழுந்து எட்டிப் பார்த்தார். உள்ளே பிள்ளை மட்டும்தான். அதன் வாய் அகலத் திறந்து எதையோ கவ்வியிருந்தது. கன்னம் உள்ளே போய் வெளியே வந்தது. பால் கழுத்தால் வழிந்தது. கண் திறந்தபடி, பெரியம்மாவைத் தாண்டி, மேலே ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆர்த்திகா, என் கையை விடு. நகம் குத்துகிறது.

தூக்குவோம் என்று கையை நீட்டினார். ஒன்றுமில்லாத இடத்தில் கை முட்டியது. தோல். ஈரமான, குளிர்ந்த, மெத்தென்ற தோல். மூச்சு விடுகிற தோல். கையை இழுக்க முதல் ஏதோ மணிக்கட்டைப் பிடித்துத் திருகியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டதாம்.

"மேனுகா, ஒழும்பு! புள்ளையத் தூக்கு! என்னால ஏலா... நீதான் தாய், நீ தூக்கு!"

பதினான்கு நாளும் அந்தப் பிள்ளையைத் தொடாதவள். வயிற்றுத் தையலைக் கையால் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள். ஏணைக்குக் கிட்ட வந்ததும் அவளுடைய தலை ஒரு பக்கம் வெட்டித் திரும்பியது. அறைந்த சத்தம் கேட்டது. கன்னத்தில் நாலு விரல். விழுந்தாள். எழும்பினாள். திரும்பவும் விழுந்தாள். மூன்றாம் தரம் இரண்டு கையையும் ஏணைக்குள் விட்டுப் பிள்ளையை அள்ளிப் பிடித்தாள்.

மறுபக்கத்தால் எதுவோ இழுத்தது.

"விடுடி! இது எண்ட புள்ள!"

பிள்ளை அவள் நெஞ்சோடு வந்தது. ஏணை அறுந்து விழுந்தது. அப்போது அந்தப் பிள்ளை அழுதது... பிறந்த நாளுக்குப் பிறகு முதன்முறை.

கதவுக்கு வெளியே மாமியார் நின்று கத்தினார். "அழவைக்காதடி! திருப்பிக் குடு! குடிக்கட்டும்!"

பெரியம்மா முறிந்த கையை நெஞ்சோடு சேர்த்துத் தோளால் கதவில் மோதினார். இரண்டாம் மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. இரண்டு பெண்களும் செருப்பில்லாமல் அந்தக் கிறவல் வீதியில், மத்தியான வெயிலில், பிள்ளையோடு ஓடினார்கள். மேனுகாவின் பாவாடை இரத்தத்தில் நனைந்திருந்தது. பின்னால் யாரும் வரவில்லை. பெரியம்மா ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தார். சீதேவிப்பிள்ளை வாசலில் நின்றார். அவருடைய தோளுக்குப் பின்னால் வீடு இருட்டாக இருந்தது.

ஓர் ஓட்டோக்காரன் கண்டு ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். மேனுகாவுக்குத் தையல் திரும்பப் போட்டார்கள். மனம் குழம்பியதற்கும் மருந்து கொடுத்தார்கள். பெரியம்மாவின் கைக்கு ஆறு கிழமை மாவுக்கட்டு. அந்தக் கை இன்றைக்கும் சரியாக மடங்காது. தனுஷியா, நான் சொல்வது சரிதானே? பாருங்கள், தலையாட்டுகிறாள்.

பெரியகல்லாற்றுக்குத் தன் வீட்டுக்கே பெரியம்மா தாயையும் பிள்ளையையும் கூட்டிவந்தார். பிள்ளை இரண்டு நாள் மேனுகாவின் பாலைத் துப்பியது. இரவு பகலாக அலறியது. நிறை குறைந்தது. மேனுகா அதைக் கீழே வைக்கவே இல்லை. துளித் துளியாகக் கரண்டியில் பிழிந்து ஊட்டினாள். மூன்றாம் நாள் விடியப்புறம் பெரியம்மாவைக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா... இழுக்கிறான். நோகுது." அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தப் பொடியனுக்கு இப்போது இரண்டு வயது. நல்ல சுகம். அந்த வீட்டில் வந்தது யார், ஏன் வந்தது என்று ஊரில் இரண்டு மூன்று கதை சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதை விடுவோம்.

அவர்கள் ஓடிவந்த பிறகு யதுர்ஷன் லீவு கிடைத்து வர நாற்பது நாளாயிற்று. தாய் போனை எடுப்பதே இல்லை. அதனால் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போனான். கதவு திறந்து கிடந்தது. குசினியில் அடுப்புச் சாம்பலில் குழியானைப் பூச்சிகள் குழி பறித்திருந்தன. அரிசி மூடை வாய் தைத்தபடி இருந்தது. நாற்பது நாளாக அங்கே யாரும் சமைக்கவில்லை. தாய் செத்துக் கிடக்கிறார் என்றே நினைத்து அறைக்குள் ஓடினான்.

சீதேவிப்பிள்ளை நிலத்தில் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். சாகவில்லை. முன்னைவிடக் கொழுத்திருந்தார். தோல் மினுங்கியது. கடைவாயில் பால்.

"அம்மா," என்றான்.

திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அறுபது வயதிலும் கொட்டைப்பாக்கைக் கடித்து உடைக்கிறவர் அவர். வாயில் ஒரு பல்கூட இல்லை. விழுந்த காயமும் இல்லை, குழியும் இல்லை. பல் முரசு மட்டும்தான்... மூடி, வழுவழுவென்று, இளஞ்சிவப்பாக.