தெத்துப்பல்

பல் மருத்துவரிடம் வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் மன்னிப்புக் கேட்பார்கள். "காலையில சரியா தேய்க்கல டாக்டர்" என்பார்கள். பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்கு இருபது வருடம் ஓடிவிட்டது. உண்மையில் எனக்குப் பரவாயில்லை என்று இருந்ததே இல்லை. அடுத்தவர் வாய் என்றாலே அருவருப்பு. அந்த அருவருப்பால்தான் சுத்தமாக வேலை செய்கிற டாக்டர் என்று பெயரெடுத்தேன். ஏன் செய்தாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார், வரிசையாகவே சொல்கிறேன்.

என் மனைவிக்கு மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல். அந்தப் பல்தான் அவளுக்கு அழகு என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். என் அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனதே அந்தச் சிரிப்பால்தான். அவர்கள் யாரும் தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டே சிரிப்பாள். மென்றது அந்தப் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்குக் குமட்டும்.

நான் வற்புறுத்தவில்லை. அவள் சிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவ்வளவுதான். கல்யாணமான ஏழாவது மாதம் அவளே கிளினிக்குக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். "உங்க இஷ்டப்படி பண்ணிடுங்க. அப்பவாவது என் முகத்தப் பார்ப்பீங்கல்ல?" என்றாள்.

கம்பி போட்டு இரண்டு வருடத்தில் பல்லை உள்ளே இழுக்கலாம். அல்லது பல்லைத் தேய்த்து ராவிவிட்டுப் பீங்கான் உறை மாட்டலாம். இரண்டு வருடம் எனக்குப் பொறுமையில்லை. ஆறு பல்லை ராவினேன். தெத்துப்பல்லை வரிசைக்குக் கொண்டுவர நிறையவே ராவ வேண்டியிருந்தது. அதன் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ரத்தம் துளிர்த்தது. உள்நரம்பு திறந்துவிட்டது என்று அர்த்தம். வேர் சிகிச்சை செய்துவிட்டுத்தான் அதை மூட வேண்டும். செய்தால் பல் நாளடைவில் கறுக்கும், மெல்லிய பீங்கானில் நிழல் தட்டும். ரத்தத்தைத் துடைத்தேன். அடுத்த வாரம் உறைகள் வந்தன. தெரிந்தேதான் மூடினேன்.

அப்படியொரு வேலை அதற்கு முன் என் கைக்கு அமைந்ததில்லை. படம் எடுத்து வரவேற்பறைச் சுவரில் மாட்டினேன்.

மூன்றாம் மாதம் கன்னம் வீங்கியது. வாய் நாறியது; நான் படுக்கையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டேன். "ஏங்க, ஒரு தடவ கழட்டித்தான் பாருங்களேன்" என்று கெஞ்சினாள். புதுப் பல், பழகிவிடும் என்று வலி மாத்திரை கொடுத்தேன். அவள் தங்கை வந்து பார்த்துப் பதறிப்போனாள். "அத்தான், வேற டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"வீட்டுலயே ஒருத்தன் இருக்கும்போது வேற டாக்டர் எதுக்கும்மா?" என்று சிரித்து அனுப்பிவைத்தேன். வேறு ஒருவன் வந்தால் முதல் வேலையாக உறையை உடைப்பான்.

இடது கண் வீங்கி மூடிக்கொண்ட அன்று, அவளை நாற்காலியில் உட்கார வைத்து டிரில்லைக் கையில் எடுத்தேன். உறையில் ஒரு சின்ன ஓட்டை, ஐந்து நிமிடம், சீழ் வடிந்திருக்கும். அத்தனை வீக்கத்துக்கு நடுவிலும் பீங்கான் மட்டும் துளிக் கறையில்லாமல் இருந்தது. டிரில்லை வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு நாள் மாத்திரை சாப்பிடு என்றேன். தலையாட்டினாள். அவ்வளவு நேரம் நான் அவள் முகத்தைப் பார்த்ததே அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான்காம் நாள், சீழ் மூளைக்கு ஏறி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

"அக்கா சிரிச்சே ஆறு மாசமாச்சு, தெரியுமா அத்தான்?" என்று தங்கைக்காரி என் சட்டையைப் பிடித்துக் கத்தினாள். அது அநியாயம், சார். சுவரில் இருக்கும் படத்தில் ஆறு பல்லும் தெரியச் சிரிக்கிறாளே. பல்லைப் படம் எடுக்கும்போது உதட்டை இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கியால் இழுத்துப் பிடிப்பது எங்கள் வழக்கம். கொக்கி தெரிந்த ஓரங்களை நான்தான் வெட்டியெடுத்தேன். வெட்டிவிட்டால் யார் பார்த்தாலும் அது சிரிப்புதான்.