தலைப்பை மாற்றி அனுப்பவும்

மின்னஞ்சலில் கேள்விக்குக் கீழேதான் பதில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. பதிலை மேலே போட்டுவிட்டு, போன மாதத்துக் கதையையெல்லாம் கீழே வாலாகத் தொங்க விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்களும் மின்னஞ்சல் எழுதுகிறவர்தானே, இன்ஸ்பெக்டர். சொன்னால் புரியும்.

எங்கள் மின்னஞ்சல் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் வீட்டில் ஒரு நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள். கழுத்தில் துளை போட்டு, குழாய் வழியாக மூச்சு விடும் நோயாளிகள். என் மனைவியும் அப்படித்தான் கிடக்கிறாள். அவள் படுத்த பிறகு இந்த வீட்டில் எதுவும் என் சொல் கேட்டதில்லை. சளி கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, கரண்டும் கேட்கவில்லை. குழு கேட்டது. யார் எழுதினாலும் நான் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். கண்டபடி எழுதிக்கொண்டிருந்தவர்களை ஒரு வழிக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அன்று காலை, நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற அந்த அம்மாவின் கடிதம் வந்தது. யாரோ சக்கர நாற்காலி விற்பதாகப் போட்டிருந்த கடிதத்துக்குப் பதிலாக, அதே தலைப்பில். "பையனுக்கு மூச்சு இழுக்குது. குழாய் அடைச்சிருக்கு போல. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். என்ன பண்ணணும்னு யாராவது சொல்லுங்களேன்." அதற்குக் கீழே நாற்காலிக்காரரின் கடிதம் முழுசாக, விலை பேசினவர்கள் அத்தனை பேரோடும்.

திருப்பி அனுப்பினேன். கோபமாக இல்லை. பழையதை வெட்டிவிட்டு, தலைப்பை மாற்றி அனுப்பவும் என்று தன்மையாகத்தான் எழுதினேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, அவங்க கதறுறாங்கப்பா. அனுப்பி விடுங்க" என்றாள்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் ஆரம்பிச்சிடுவாங்கம்மா."

இரண்டாவது கடிதமும் வந்தது. "ஐயா, உங்க கால்ல விழுறேன். பையன் உதடெல்லாம் நீலமாயிடுச்சு. யாருக்காவது காட்டுங்க." தலைப்பு மாறவில்லை. வாலும் அப்படியே இருந்தது. மகள் கம்ப்யூட்டரைப் பிடுங்க வந்தாள். அவளை வெளியே தள்ளி, அறையைத் தாழிட்டுக்கொண்டு அதையும் திருப்பினேன்.

"உங்களுக்குத்தான் தெரியுமேப்பா, நீங்களாவது சொல்லித் தொலைங்க" என்று கதவைத் தட்டிக்கொண்டே அழுதாள்.

தெரியும். மறைக்கவில்லை. அந்தக் குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும். அதை உருவி எடுத்தால் அடைப்பும் அதோடு வந்துவிடும். அன்று விடிந்ததும் என் மனைவிக்கு அப்படித்தான் எடுத்துக் கழுவிப் போட்டிருந்தேன். இரண்டு வரி எழுதியிருந்தால் போதும், பையன் பிழைத்திருப்பான். திருப்பி அனுப்பும்போதே அது எனக்குத் தெரியும். ஆனால் குழுவில் கேட்டதற்குத் தனியாகப் பதில் சொல்வது முறையில்லை. மற்றவர்களுக்கும் பயன்பட வேண்டாமா?

சாயங்காலம் மூன்றாவது கடிதம் வந்தது. மகன் போய்விட்டான், என் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். புதுத் தலைப்பு. வால் இல்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு சுத்தமாக எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆனால் விலகுகிறவர்களுக்கென்று தனி முகவரி வைத்திருக்கிறோம். ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டு, அந்தக் கடிதத்தையும் திருப்பி அனுப்பினேன்.