கல்லில் ஏற இருந்த அரைப் பக்கம்

முந்நூறு ஆண்டுகளின் மூச்சைச் சுமந்து நிற்கும் இந்த வழிபாட்டுக் கூடத்தின் விழாவுக்குத் தலைமை ஏற்று, திரைக் கயிற்றைக் கையில் பிடித்தபடி வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் சுமையில் பாதியை இறக்கி வைத்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் முறுவலோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு இந்தக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிற தாய்மார்களே, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டதாக நடிக்கிற தம்பிகளே, தங்கைகளே, கடைசி வரிசைக்கும் பின்னால் கதவோரம் நின்றுகொண்டிருக்கிற ஒருத்தியே, உங்கள் எல்லோருக்கும் என் கைகள் குவிகின்றன.

என்னை வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். புதுப் பதிப்பாக வரும் நம் விழா மலரை வாழ்த்த வேண்டும். வலப்பக்கம் திரைக்குப் பின்னால் நிற்கிற கல்லை வாழ்த்த வேண்டும். ஆனால் வாழ்த்து வாய்க்கு வர மறுக்கிறது. பதினோரு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழு என்கிறது மனம். எழுந்தால் நட என்கிறது. நடந்தால் எங்கே போகிறாய் என்று அதுவே கேட்கிறது. என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்றுச் சொன்னாள்: “நடந்து நடந்து வீட்டுத் தரையே தேயுது. யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லித் தொலைங்களேன்.” சொல்லித் தொலைக்கத்தான் இந்த மேடை ஏறினேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். அச்சுக்குப் போகும் முன் பிழை பிடிப்பவன். முப்பத்து நான்கு ஆண்டுகளாக அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்தே அரிசி வாங்கியவன். ஒரு கால் விட்டுப்போனால் என் கண்ணுக்குத் தெரியும், ஒரு புள்ளி தவறினால் என் விரல் துடிக்கும். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அங்கே ஒருவர் சிரிக்கிறார். சிரியுங்கள் அண்ணே, என் கர்வம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரியுங்கள்.

நம் கூடத்துக்குக் கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். நிர்வாகிகள் மூவர், அவர்களில் நானும் ஒருவன். காலையில் வணக்கம் வரும், பூ வரும், இருமலுக்கு மருந்து வரும். எல்லாம் இன்பமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு படம் வந்தது. பழுப்பேறிய ஒரு பக்கம். மேலே தலைப்பு வெட்டப்பட்டிருந்தது. கீழே பக்க எண் வெட்டப்பட்டிருந்தது. நடுவில் பதினோரு வரி. “ஆதிநாள் தொட்டு, முதற்கல் நட்ட ஐந்து குடியினரே வாசிப்பு மேடை ஏறுவர், ஏனையோர் செவிமடுத்து இன்புறுவர், இதுவே முன்னோர் வகுத்த முறைமை” என்று தொடங்கி ஓடும். என்ன நடை, என்ன மிடுக்கு. எனக்குக் கண் கலங்கியது. உடனே ஆறு பேருக்கு அனுப்பினேன். அந்த ஆறு பேர் அறுபது பேருக்கு அனுப்பினார்கள். மாலைக்குள் அது மரபு ஆகிவிட்டது.

அப்போது குழுவில் ஒரு குரல் எழுந்தது. யார் குரல்? என் தங்கை மகள். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மூன்று ஆண்டுகளாக வாரந்தோறும் இதே மேடையில் நின்று மறையை வாசித்தவள். அவள் வாசித்தால் முன்வரிசைப் பெரியவர்கள்கூடக் கொட்டாவி விடுவதில்லை, அதை நீங்களே அறிவீர்கள். அவள் எழுதினாள்: “இது எந்தப் புத்தகம்? எந்த வருஷம்? எழுதினவர் யாரு? அவருக்கு யார் சொன்னது?”

இவ்வளவுதான் கேட்டாள். நாம் என்ன சொன்னோம்? “பெரியவங்க சும்மாவா எழுதியிருப்பாங்க?” என்றார் ஒருவர். “நீ ஊசி போடுற வேலையோட நிறுத்திக்கோ” என்றார் இன்னொருவர். “நம்பிக்கை இல்லன்னா இங்க உனக்கு என்ன வேலை?” என்றார் மூன்றாமவர். நான்கு கேள்விக்கு நாற்பது பேர் வாய் திறந்தோம். அந்த நாற்பதில் ஒன்றாவது அவள் கேட்டதற்குப் பதிலா? எந்தப் புத்தகம் என்று ஒருவராவது சொன்னோமா?

அவள் கோபப்படவில்லை. “எங்க லேப்ல பேர் ஒட்டாத குழாய வாங்க மாட்டோம். ரத்தம் கெட்டதுன்னு அர்த்தம் இல்ல. யாரோடதுன்னு தெரியல, அவ்வளவுதான். தெரியாமச் சோதிச்சா ஒருத்தர் நோய இன்னொருத்தர் தலைல கட்டிடுவோம்” என்று எழுதினாள். படித்ததும் எனக்குச் சுரீர் என்றது. நான்கு பேர் முன்னால் என் தங்கை மகள் என் மானத்தை வாங்குகிறாள் என்று தோன்றியது. விரலை வைத்தேன். குழுவிலிருந்து அவளை நீக்கினேன். நீக்கிய விரல் இதோ, இந்த விரல். நாற்பது பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அடுத்த வாரமே, ஐந்து குடியில் பிறக்காதவள் என்று, வாசிப்போர் பட்டியலிலிருந்தும் அவள் பெயர் போனது.

செயலாளர் துண்டுச் சீட்டு அனுப்புகிறார். ‘நேரம் கருதவும்’ என்று எழுதியிருக்கிறார். கருதுகிறேன் ஐயா, பதினோரு நாளாக வாய் மூடியிருந்தவனுக்கு இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

அவள் வீட்டில் உட்கார்ந்து அழுதாளா? அழுதிருப்பாள், எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் தேடினாள் என்பது தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் தேடினாள், விடுப்பு நாளில் தேடினாள். நூலகத்தில் புரட்டினாள், கூடத்து அலமாரியில் துழாவினாள். கடைசியில் நான் வேலை செய்கிற அச்சகத்தின் கிடங்குக்கே போய்விட்டாள். எங்கள் முதலாளி எதையும் தூக்கிப் போட மாட்டார். அச்சடித்த ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்துத் தாளையும் மெய்ப்பையும் கயிறு கட்டி வைத்திருப்பார். இருபத்தேழு ஆண்டுக்கு முன் நம் கூடத்துக்குப் புதுக் கூரை போட்டபோது வெளிவந்த மலரின் கட்டு அங்கே இருந்தது. நாற்பத்தெட்டாம் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுத்த கையெழுத்துத் தாள் இருந்தது. அதன் ஓரத்தில் தேநீர்க் குவளை வைத்த வட்டக் கறையும் இருந்தது.

அதைப் படம் எடுத்தாள். ஊருக்கே அனுப்பியிருக்கலாம். பதினோரு நாளுக்கு முன் எனக்கு மட்டும் அனுப்பினாள். கூடவே எழுதியிருந்தாள்: “மாமா, இது உங்க கையெழுத்து மாதிரி தெரியுது. நான் தப்பாப் பாத்திருக்கலாம். நீங்களே பாத்துச் சொல்லுங்க. வேற யாருக்கும் அனுப்பல.”

அவையோரே, ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். கேலி செய்திருந்தால் பதிலுக்குப் பத்து எழுதியிருப்பேன். ‘நான் தப்பாப் பாத்திருக்கலாம்’ என்றாளே, அதை என்ன சொல்லி ஏசுவது? என் பதினோரு வரியைச் சந்தேகித்த அதே கண்ணால் தன் கண்டுபிடிப்பையும் சந்தேகித்தாள். நாம் நாற்பது பேர் ஒரு நொடிகூடச் செய்யாத வேலை அது. வெட்கத்தில் நான் கூசிப் போனேன்.

ஆம், அது என் கையெழுத்து. இங்கே முணுமுணுப்பு கேட்கிறது, கேட்கட்டும். அந்த மலரில் ஒரு குடும்பம் தருவதாகச் சொன்ன புகைப்படம் கடைசி நேரத்தில் வரவில்லை. அரைப் பக்கம் வெறுமையாக நின்றது. “வெத்துப் பக்கமா விடாதப்பா, நல்லதா ஏதாவது எழுதிப் போடு” என்றார் அந்நாளைய தலைவர். எழுதினேன். எந்த ஏட்டைப் பார்த்தேன்? எதையும் பார்க்கவில்லை. யாரைக் கேட்டேன்? யாரையும் கேட்கவில்லை. மலருக்குத் துணை நின்ற ஐந்து குடும்பத்தார் மனம் குளிரட்டும் என்று, ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் எழுதினேன். எழுதினேன், மறந்தேன். மறந்ததால் நம்பினேன். நான் எழுதியதைப் படித்து நானே கண்கலங்கினேன்.

இன்று அதே வரிகள் புதுப் பதிப்பின் முதல் பக்கத்துக்கு ஏறிவிட்டன. தலைப்பு என்ன தெரியுமா? ‘முன்னோர் வாக்கு.’ அந்த முன்னோருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. இப்போது உங்கள் முன் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். நன்றி தம்பி, இங்கே வைத்துவிடு.

தலைவர் ஐயா மெல்லச் சொல்கிறார், “இத உள்ள வெச்சுப் பேசிக்கலாமே” என்று. ஐயா, உங்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவளை நானூறு பேர் பார்க்க வெளியே தள்ளிவிட்டு, என் தவற்றை மட்டும் உள்ளே வைத்துப் பேசுவது எந்த ஊர் நியாயம்? நான் கேட்பது தவறா? அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கிற கல்லில் என்ன செதுக்கியிருக்கிறது? அதே பதினோரு வரி. இன்று திரை விலகினால் நாளை அவள் மகளும் இந்த மேடை ஏற முடியாது. நாளை மறுநாள் யார் கேட்டாலும் கல்லைக் காட்டுவோம். கல்லே சொல்கிறது என்போம். கல் எங்கிருந்து சொன்னது என்று யார் கேட்பார்கள்?

மறையை அவள் மறுத்தாளா? இல்லை. முன்னோரைப் பழித்தாளா? இல்லை. மறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்ட என் அரைப் பக்கத்தைத்தான் யார் நீ என்று கேட்டாள். கேட்டவளுக்கு நம்பிக்கை இல்லை என்றோம். நம்பிக்கை இல்லாதவள் எதற்காக நான்கு வாரம் தூசியில் தேடுகிறாள்? தன் வீட்டுக்குள் வந்த ஆளைப் பேர் கேட்கிறவள்தானே வீட்டின் மேல் அக்கறை உள்ளவள்? பேர் கேட்காமல் பாய் விரித்தவர்கள் நாம். அதற்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

நான் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு கிழட்டு மெய்ப்புக்காரன் தங்கை மகளுக்காகக் கதை கட்டுகிறான் என்று நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு. இதோ, கிடங்கிலிருந்து நானே எடுத்து வந்த அந்தத் தாள். முன்வரிசையில் கொடுக்கிறேன். என் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் கையெழுத்து வேண்டுமா? இதோ இன்றைய பேச்சுக்காக நான் எழுதி வந்த குறிப்பு. இரண்டையும் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோங்கள்.

தலைவர் ஐயா ஒன்று கேட்கிறார். “கல்லுல எழுதினப்புறம் திருத்த முடியுமாப்பா?” மெய்ப்புக்காரனிடம் கேட்கிறீர்கள் ஐயா. முடியாது. தாளில் என்றால் ஒரு கோடு போட்டு ஓரத்தில் எழுதிவிடுவேன். கல்லில் உடைக்கத்தான் முடியும்.

பார்த்தீர்களா அவையோரே? தலைவர் ஐயா கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்கள். “இன்னிக்குத் திறக்க வேணாம்” என்கிறார்கள். அந்த ஐந்து குடும்பத்தில் ஒன்றில் பிறந்த மனிதர் இதைச் சொல்கிறார். ஐயா, உங்கள் பெரிய மனதுக்கு என் தலை தாழ்கிறது. கைதட்டலை அவர்களுக்குக் கொடுங்கள், எனக்கு வேண்டாம். எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

எல்லோரும் கைபேசியை எடுங்கள். கவிழ்த்து வைத்தவர்களும் எடுங்கள். இந்த விரல்தான் நீக்கியது. இந்த விரலே சேர்க்கிறது. கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், இருங்கள். இதோ. அவள் குழுவுக்குள் வந்துவிட்டாள். வாம்மா, மாமாவை மன்னித்துவிடு. தாய்மார்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், கதவோரம் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்.

கேட்டதா? நானூறு கைபேசியும் ஒன்றாகச் சிணுங்குகின்றன. ஏதோ எழுதுகிறாள். வந்துவிட்டது. நானே வாசிக்கிறேன்: “சேத்துக்கிட்டதுக்கு நன்றி மாமா. பேச ஆரம்பிக்கும்போது இந்தக் கூடத்துக்கு முந்நூறு வருஷம்னு சொன்னீங்களே. அது எங்க எழுதியிருக்கு?”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரிக்கிறேன். பதினோரு நாளில் இன்றுதான் சிரிக்கிறேன். தெரியாதம்மா. எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். நாளைக்கு நீ இடைவேளைக்கு வெளியே வரும்போது மாமா மருத்துவமனை வாசலில் நிற்கிறேன், சேர்ந்தே தேடுவோம். எத்தனை ஆண்டு என்று கிடைக்கிறதோ அத்தனை ஆண்டு என்று இதே மேடையில் வந்து சொல்வோம்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், சீட்டு அனுப்பி ஓய்ந்த செயலாளருக்கும், கயிற்றை விட்ட கைகளுக்கும் என் நன்றி. இந்த வார வாசிப்புக்கு அவள் மேடை ஏறுவாள் என்று தலைவர் ஐயா தலையசைத்துவிட்டார்கள். எத்தனை ஆண்டுக் கூடம் என்று இன்னும் தெரியாத இந்தக் கூடத்துக்கும், இதில் கூடியிருக்கும் உங்களுக்கும், கேட்கத் துணிந்த அந்தப் பிள்ளைக்கும் என் வணக்கம்.