வரைபடத்தில் இல்லாத ஓடை

— அவாள்லாம் கத்தட்டும்டி. வயித்தெரிச்சலைக் கொட்டித் தீர்க்கட்டும். நீ மட்டும் இங்கிலீஷ்ல, "தெருக்காரா எல்லாருக்கும் இந்தத் திட்டத்துல பரம சந்தோஷம்"னு சொல்லிடு. கேட்டியோ?

— சிவகாமியம்மாள் வந்து நின்னு, "வீட்டுக்குள்ள முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணி"ன்னு அழுதா?

— "மழையோட வாழப் பழகிண்டுட்டா"ன்னு சொல்லு. அந்த மாதிரி வார்த்தைன்னா இந்த வெளிநாட்டுக்காராளுக்கு உசிரு.

— இத்தனை காலம் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தது இதுக்குத்தானா, ஏன்னா?

— பின்னே? மொழிபெயர்க்கறதுக்கு வேற ஒருத்தனை வெச்சா, அவா சொன்னதை அப்படியே சொல்லித் தொலைச்சுடுவான். ஆத்துக்காரின்னா ஒரு சௌகரியம்.

— அந்த மனுஷர் எதிர்ல உக்காந்து காப்பி குடிச்சுண்டு இருக்கார். அவர் முன்னாடியே இதெல்லாம் பேசறேளே.

— யாரு, எய்விந்தா? நார்வேக்காரன்டி அவன்! காக்கா கத்தறதும் நாம பேசறதும் அவனுக்கு ஒண்ணுதான். பாரு, சிரிக்கறான். மிஸ்டர் எய்விந்த், காபி ஓகே?

— வெரி குட் காபி. தேங்க் யூ, மேடம்.

— பாத்தியா? குழந்தை மாதிரி. நேத்து இவனுக்கு ஊரைச் சுத்திக் காட்டச் சொன்னேனே, எங்கெல்லாம் கூட்டிண்டு போனே?

— கோவிலுக்குள்ள விடமாட்டா, அதனால வராகர் கோவில் குளத்தங்கரைல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தோம். மழையைப் பத்தித்தான் பேச்சு. அவர் ஊர்லயும் மழை இப்ப பேய் மாதிரி கொட்டறதாம். நம்ம ஊர் எஞ்சினீயர்கள் போன வருஷம் அங்க போனப்போ, இப்படிக் கொட்டற மழையை நீங்க எப்படி வடிக்கறேள்னு இவரே கேட்டாராம். அந்தக் காலத்துல அவா ஊர் ஓடைகளை எல்லாம் மூடி மேல ரோடு போட்டுட்டாளாம். இப்ப தோண்டித் தோண்டித் திறந்துண்டு இருக்காளாம். அதுதான் இவர் வேலையே.

— அதனாலதான் சொல்றேன், நாக்கைக் கட்டி வெச்சுக்கோ. அவன் ஊரும் நம்ம ஊரும் ஜோடி நகரம். உலகம் பூரா இப்படி நகரங்கள் ஜோடி சேர்ந்திருக்கு. ஒரு ஊர் திட்டம் போட்டா இன்னொரு ஊர் எஞ்சினீயர் நேர்ல வந்து நடந்து பாக்கணும், தெருக்காராளோட பேசணும். அவன் சரின்னு எழுதினாத்தான் நிதி. இது நகரசபை எஞ்சினீயரா நான் எழுதின வெள்ள வடிகால் திட்டமாக்கும். இவன் தலையாட்டினா நாளைக்குக் கொழும்பு கூப்பிடும், மறுநாள் மொம்பாசா கூப்பிடும்.

— தலையாட்டலேன்னா?

— ஏன் ஆட்டமாட்டான்? காப்பிக்கே இப்படி ஆட்டறான்!

— நம்மாத்துக்குப் பின்னால ஓடிண்டு இருந்த ஓடை எங்கேன்னு கேட்டா?

— எந்த ஓடை? நகரசபை வரைபடத்துல இல்லையே. படத்துல இல்லாத ஓடை ஊர்லயும் இல்லே.

— அந்த இல்லாத ஓடைத் தண்ணிலதானே வடிவாம்பாள் மாமி போனா.

— ஆரம்பிச்சுட்டியா?

— கட்டிலை விட்டு எழுந்துக்க முடியாத மனுஷி. தண்ணி கட்டில் மேல ஏறிடுத்து. ஸ்ரீனிவாசன் கதவை உடைச்சுண்டு அம்மாவைத் தூக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

— அது விதி. விசாரணைதான் வெச்சாளே, பின்னே என்ன? சர்வே பண்ணினவ ஓடையைப் பாக்காம விட்டுட்டாள்னு எழுதியும் முடிச்சா.

— சர்வே பண்ணினவ என் தங்கை.

— உன் தங்கைங்கறதுக்காக? ஜானவி பண்ணின பிழைக்கு நான் பொறுப்பா?

— எங்கம்மா செத்தப்போ அவ வாசல் வரைக்கும் வந்தா. உள்ள விடலையே நீங்க. "கொலைகாரிக்கு இங்க என்ன ஜோலி"ன்னு ஊரைக் கூட்டிண்டு கத்தினேள். அம்மா முகத்தைப் பாக்காமலே திரும்பிப் போனா. அன்னிக்கு நான் மனசுல ஒண்ணு நினைச்சுண்டேன்.

— என்ன நினைச்சுண்டே?

— இந்த மனுஷன் தலைகுனிஞ்சு நிக்கறதை ஒரு நாள் என் கண்ணால பாக்கணும்னு. அதுக்கப்பறம்தான் நான் சாகணும்னு.

— நீயா! மிஞ்சிப்போனா மோர்க்குழம்புல ஒரு பிடி உப்பை அள்ளிப் போடுவே. அதுதானே உன் பழிவாங்கல்?

— சிரியுங்கோ, சிரியுங்கோ.

— சிரிக்காம? வாயில்லாப் பூச்சி பழிவாங்கப் போறதாம்! சரி, டிரைவர் அபின் காரை எடுத்துண்டு வந்தானா இல்லையா?

— போன் பண்ணினான். ஈஞ்சக்கல் பக்கம் ட்ராஃபிக் ப்ளாக்காம். கொஞ்சம் நாழியாகும்.

— நாசமாப் போச்சு. அதுவரைக்கும் இவனோட என்ன பேசறது?

— நாம பேசிண்டு இருப்போமே. யோசிச்சுப் பாத்தா நீங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கும்னு தோண்றது. ஜானவிதான் விட்டிருப்பா. சின்னதுலேர்ந்தே அவசரக்குடுக்கை.

— அப்பாடா! இப்பவாவது புத்தி வந்துதே.

— தெருக்காராதான் வேற மாதிரி பேசறா. படத்துலேர்ந்து ஓடையை அழிச்சது நீங்கதான்னு. நேத்திக்குக்கூட நன்னாத் திட்டி அனுப்பினேன். "எங்காத்துக்காரருக்கு மெயில் திறக்கணும்னாலே பக்கத்தாத்துலேர்ந்து ஆள் வரணும். கம்ப்யூட்டர் படத்துல அவர் எங்கே கை வைக்கறது"ன்னேன்.

— என்ன? என்ன சொன்னே?

— ஏன், தப்பா? அது ஜானவி தனியா ரெண்டு வருஷம் படிச்ச வித்தை. நீங்க ஸ்கேலும் பென்சிலும் பிடிச்ச ஆள். "அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது"ன்னு எல்லார் முன்னாடியும் அடிச்சுச் சொன்னேன்.

— அடியே அசடு! ஊர் முழுக்கப் போய் என் மானத்தை வாங்கியிருக்கியே! அந்த சாப்ட்வேரை அவளுக்கு முன்னாடி தொட்டவன் நானாக்கும்!

— போங்கோன்னா.

— என்ன போங்கோ? ஒரு ஞாயத்துக்கிழமை மத்தியானம். நீ அடுக்களைல அடை வார்த்துண்டு இருந்தே. அவ லாப்டாப்பை இதே மேஜைல திறந்து வெச்சு, "அத்திம்பேர், ஒரு தடவை பாத்துடுங்கோ"ன்னுட்டு உன்கிட்ட வந்து உக்காந்துண்டா. அந்த நீலக் கோட்டை இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும் அழிச்சேன். முதல் அடை ஆறலை, காரியம் முடிஞ்சுடுத்து. அத்திம்பேர் பாத்தாச்சு, இனிமே என்னன்னு அவளும் திரும்பிப் பாக்காம அனுப்பிட்டா. விசாரணைக்கு வந்த பெரிய பெரிய மண்டைகளுக்கே பிடிபடலை. எனக்கு சாமர்த்தியம் இல்லையாம்!

— அப்போ அவ படத்துல ஓடை இருந்துதா?

— இருந்துது, இருந்துது. அகலம், ஆழம், சரிவு, எல்லாம் சுத்தமாப் போட்டிருந்தா. கெட்டிக்காரிதான், இல்லேன்னு சொல்லலை.

— பின்னே ஏன்னா அழிச்சேள்?

— அந்தக் கட்டடக்காரன் ஓடையைத் தூர்த்துத்தானே ஃப்ளாட் கட்டினான்? ஓடை படத்துல இருந்தா அவனுக்கு அனுமதி எங்கேர்ந்து வரும்? நமக்குக் கழக்கூட்டத்துல வீடு எங்கேர்ந்து வரும்?

— ஓ. அந்த வீடு அப்படி வந்ததா.

— பின்னே, லாட்டரியா அடிச்சுது?

— வடிவாம்பாள் மாமி...

— அந்த வருஷம் அப்படிக் கொட்டும்னு எனக்கு ஜோசியமா தெரியும்? செத்துப் போச்சு ஒரு கிழம். யார் தலையிலயாவது பழி விழுந்தே ஆகணும்னு ஆயிடுத்து. எனக்கு ஊர்ல ஒரு பேர் இருக்கு. அவளுக்கு என்ன இருந்தது? சின்ன வயசு, வேற வேலை தேடிப்பான்னு விட்டேன்.

— தேடிக்கலை. நாகர்கோவில்ல ஒரு ஜெராக்ஸ் கடைல நிக்கறா. ஒரு மனுஷியைக் கொன்னவள்னு பேர் வாங்கினவளை யார் எஞ்சினீயரா வெச்சுப்பா?

— சரி சரி, கண்ணைக் கசக்காதே. இந்தக் காரியம் முடியட்டும், அவளுக்கும் ஏதாவது பாத்துப் பண்ணலாம். இவன் வேற உன்னையே பாக்கறான். வைஃப், லிட்டில் எமோஷனல்!

— ஐ சீ.

— இந்தத் திட்டத்துலயும் அதே படம்தானா?

— அதேதான். ஃப்ளாட் பக்கம் ரெண்டு பெரிய பம்ப். தேங்கற தண்ணியை எல்லாம் இழுத்து வெளில தள்ளிடும்.

— வெளிலன்னா?

— சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

— நம்ம தெருப் பக்கம்.

— உனக்கென்னடி? அடுத்த மழைக்கு நாம கழக்கூட்டத்துல நாலாவது மாடில இருப்போம். ஜன்னலைத் திறந்து வெச்சுண்டு மழையை ரசிக்கலாம்!

— சிவகாமியம்மாளோட பேத்தி இப்பத்தான் தவழறது.

— அதுக்கு நான் என்ன பண்ண? அதோ ஹார்ன் கேக்கறது, அபின் வந்துட்டான். மூஞ்சியைத் துடைச்சுக்கோ. நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும், "பரம சந்தோஷம்." மிஸ்டர் எய்விந்த், கார் இஸ் ஹியர். ப்ளீஸ், கம், கம்.

— கொஞ்சம் பொறுங்கோ ஐயா. கார் நிக்கட்டும்.

— ...என்னது?

— நான் கதைக்கிறது விளங்கேல்லையோ? என்ர மனிசி யாழ்ப்பாணம். எங்கட வீட்டில எல்லாரும் தமிழ்தான்.

— விஜி! இவன்... இவர் என்னடி...

— எனக்கு எல்லாம் வடிவா விளங்கிச்சு. அந்தப் பிள்ளை ஓடையைப் படத்தில சரியாத்தான் கீறினவ, அழிச்சது நீங்கள் எண்டு என்ர அறிக்கையில எழுதப்போறன். உங்கட நகரசபைக்கும் அது போகும், எங்கட நகரசபைக்கும் போகும். இப்ப வாங்கோ, ஓடையை எங்க புதைச்சு வச்சிருக்கு எண்டு நீங்களே காட்டுங்கோ.

— சார், மிஸ்டர் எய்விந்த், ப்ளீஸ் லிசன். திஸ் இஸ் ஒன்லி எ பேமிலி ஜோக்...

— இங்கிலீஷ் வேண்டாம் ஐயா. நேற்றுக் குளத்தடியில விஜயம் அக்கா சொன்னவா, "என்ர மனுசன் இங்கிலீஷில பொய்தான் சொல்லுவார், உண்மை வேணுமெண்டால் தமிழ் தெரியாத மாதிரி இருந்து காப்பியைக் குடியுங்கோ, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்" எண்டு.