சொல்லிக்காட்டுற கல்

காசத்துக்கு மாத்திரை வந்த புதுசு. ரொம்ப காலத்துக்கு முந்தி. இதே வெள்ளக்கரட்டு ஊர்ல ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க அய்யாவுக்கு அத்தை முறை.

அவ புருஷன் மொக்கையனுக்கு இருமல். இருமுனா துணியில ரத்தம். ரெண்டு பேரும் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களாம். டாக்டர் நெஞ்சைப் படம் புடிச்சுப் பாத்துட்டு, "காசம். இருமல் நின்னாலும் நிறுத்தாம ஒன்றரை வருஷம் மாத்திரை திங்கணும்"னாரு. ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு, "சரிங்கய்யா"ன்னாங்க. ஒரு கேள்வி கேக்கலை. படிச்சவரைத் திருப்பிக் கேக்குறது மரியாதை இல்லைன்னு நெனச்சாங்களாம்.

ரெண்டு மாசத்துல இருமல் நின்னுச்சு. மொக்கையன் மாத்திரையை விட்டுட்டு ஏர் பிடிக்கப் போயிட்டான். ஒச்சம்மா மட்டும் மாசாமாசம் தவறாம நடந்து வந்து மாத்திரை வாங்குனா. திங்குறதுக்கு இல்லை. விதை எடுத்து வைக்கிற மாதிரி கலயத்துல பத்திரமா வச்சா. மறுபடி இருமல் வந்தா ஆகுமேன்னு.

வந்துச்சு. கலயத்து மாத்திரைக்கு அடங்கலை. ஐப்பசி மழையில மொக்கையன் போயிட்டான்.

எழவுக்கு வந்தவங்க தண்ணிகூட வாங்கிக் குடிக்கலையாம். பெறகு அந்த வீட்டுப் பக்கமே யாரும் போகலை. அவளுக்குக் காசம் இல்லைன்னு டாக்டரே பாத்துச் சொன்னாரு. அப்பவும் போகலை. பேச ஆளில்லாம கலயத்துக்கிட்டப் பேசுவாளாம்.

ஒரு நாள் அந்தக் கலயத்தைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட வந்தா. "அய்யா, மிச்சமிருக்கு பாருங்க. ஒண்ணுகூட வீணாக்கலை."

டாக்டர் கலயத்துக்குள்ள எட்டிப் பாத்தாராம். "நான் சொன்னேனேம்மா..."

"சொன்னீங்க. நாங்களும் சரின்னோம். வெளங்குச்சான்னு நீங்க கேக்கலை. வெளங்கலைன்னு நாங்க சொல்லலை."

வெளிய வந்து இந்தப் புங்கமரத்தடிக் கல்லுல உக்காந்தவதான். தெனமும் வந்து உக்காருவாளாம். வெளிய வர்றவங்களை எல்லாம், "டாக்டர் என்ன சொன்னாரு? சொல்லிக்காட்டு"ம்பாளாம்.

"புருஷனை முழுங்குனவளுக்கு எங்க சீக்கு எதுக்குடி?"ம்பாங்களாம்.

"இருக்கட்டும். சொல்லிக்காட்டு"ம்பாளாம்.

மாட்டுத் தரகன் சிவனாண்டி வந்தான். அவனுக்கும் காசம். ஆனா இவளைக் கண்டா அவனும் பத்தடி தள்ளித்தான் நிப்பான்.

"சளியில பூச்சி இல்லைன்னுட்டாரு. சீக்கு போச்சு. இனி மாத்திரை எதுக்கு?"

"ஏப்பா, கோரைப்புல்லை மேலாக்க அறுத்துட்டா அடியில கிழங்கு செத்துருமா?"

"அதெப்படிச் சாகும்? நாலே நாள்ல முளைச்சுரும்."

"அப்ப உள்ள போயி மறுபடி கேளு. வந்து சொல்லிக்காட்டு."

போனான். வந்தான். "ஒன்றரை வருஷமும் திங்கணுமாம் சின்னாத்தா." தின்னான். பொழச்சான்.

இப்படி எத்தனையோ பேரு சொல்லிக்காட்டுனாங்க, வீட்டுக்குப் போனாங்க. இவ வீட்டுக்கு மட்டும் யாரும் வரலை.

வருஷம் பல போச்சு. ஒரு நாள் ஒச்சம்மாவே வயித்தைப் புடிச்சுக்கிட்டு உள்ள போனா. வெளிய வந்து கல்லுல உக்காந்தா. போறவங்க வர்றவங்க எல்லாம் வழக்கம்போல உக்காந்திருக்கான்னு நெனச்சாங்க. அன்னைக்கு அவ யாரையும் ஒண்ணும் கேக்கலை. அவளையும் யாரும் கேக்கலை. வெயில் தாழ்ந்துச்சு. கடைசியில அவளே மரத்தைப் பாத்துச் சொல்ல ஆரம்பிச்சாளாம். "வயித்துல கட்டியாம்..."

அந்த வழியா மாடு ஓட்டிட்டு வந்த சிவனாண்டி காதுல அது விழுந்துச்சு. மாட்டை அப்படியே விட்டுட்டு வந்து கல்லுல, அவ பக்கத்துல உக்காந்தான்.

"பத்தடி தள்ளி நில்லுடா"ன்னாளாம்.

"நிக்கிறேன், நிக்கிறேன். டாக்டர் என்ன சொன்னாரு சின்னாத்தா? சொல்லிக்காட்டு."

"கட்டி பரவிருச்சாம். அறுத்து எடுக்க முடியாதாம். வலிக்கு மருந்து இருக்காம். தை வரைக்கும் இருந்தா பெருசாம்."

"வெளங்குச்சா?"

"வெளங்குச்சுப்பா."

தைக்கு நாலு நாள் இருக்கையில போயிட்டாளாம்.

அன்னையிலருந்து இந்த ஊர்ல ஒரு பழக்கம். இந்தக் கல்லுல யாரையும் ஒத்தையா உக்கார விடமாட்டோம். பஸ் போனாலும் போகட்டும், பக்கத்துல போய் உக்காந்து கேட்டுட்டுத்தான் போவோம்.

அந்தா பாருங்க, பச்சைச் சேலை கட்டுன பொம்பளை, கையில சீட்டை வச்சுக்கிட்டு ரொம்ப நேரமா ஒத்தையா உக்காந்திருக்கு. இருங்க, என்னான்னு கேட்டுட்டு வந்துர்றேன்.