முதல் அசைவு முன்னால்

பழைய படகு மோட்டார் வாங்கப் போகிறவன் கண்ணைவிட மூக்கை நம்புவது நல்லது. பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். கியர் பெட்டியின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கசிகிற எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பார்க்க வேண்டும். கருகல் வாடை அடித்தால் நடையைக் கட்டலாம். எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, அதற்கும் நடையைக் கட்டலாம். இவ்வளவும் பார்த்துத்தான் அந்த மோட்டாரைக் கடலூரில் வாங்கினேன், ஐயா. உங்கள் ஸ்டேஷன் ஏட்டு "பழுதான மோட்டாரால் நேர்ந்த விபத்து" என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மனசுக்குச் சங்கடமாக இருந்தது. அதைத் திருத்திவிட்டுப் போகத்தான் வந்தேன்.

என் பெயர் லாசர். பொன்னுவேலுவின் எஸ்டேட்டில் ரைட்டர். கணக்கு, கூலி ஆள், தபால், முதலாளியின் கோபம் எல்லாம் என் பொறுப்பு. எஸ்டேட் என்பது ஏற்காட்டில் செம்மநத்தத்துக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன காப்பித் தோட்டம். பொன்னுவேலு இந்த மலையிலேயே பிறந்து, மிளகு விற்று, அதை வாங்கியவர். தோட்டத்தோடு பங்களாவும், பங்களா அலமாரியில் ஒரு கம்பளிக் கோட்டும் கிடைத்தன. அந்தக் கோட்டுக்கு அவரைவிடப் பெரிய ஆள் தேவைப்பட்டது. அவர் அதைக் கவனித்ததில்லை. காப்பிப் பழம் அலச வெள்ளைக்காரன் வெட்டிய குட்டைக்கு அவர் வைத்த பெயர் "லேக்".

தனியாக இருக்கும்போது என்னை "லாசரு" என்பார். நாலு பேர் முன்னால் "ரைட்டர்". இரண்டுக்கும் "ஏனுங்க" என்று போய் நின்றவன் நான்.

ஏற்காட்டு ஏரியில் படகுக்கு வரிசை கட்டி நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நம்ம லேக்கிலும் படகு விடலாம் என்று அவருக்கு யோசனை வந்தது. அந்த வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு பேரும் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு ஓய்வு பெறும் வயது. எஸ்டேட் குடியிருப்பைக் காலி செய்தால் போக இடமில்லை. அது அவருக்குத் தெரியும்.

"லாசரு, ஊடு இல்லைன்னு பயப்படாதீங்க. போட்டு உங்களுது. துறையிலயே ஒரு ரூமு கட்டித் தாறேன், நீங்களும் சாந்தாமேரியம்மாவும் இருந்துக்குங்க. சேர்வராயன் மேல சத்தியமுங்க."

நான் கிறிஸ்தவ வேதக்காரன். ஆனாலும் அந்த மலைமேல் அந்தச் சாமி பேரில் பொய் சொன்ன ஆளை அதுவரை பார்த்ததில்லை. சொன்னபடி படகும் வந்தது, அறையும் எழும்பியது. தண்ணீரைப் பார்த்த ஜன்னல். என் மனைவி சாந்தாமேரி அளவெடுத்துத் திரை தைக்க ஆரம்பித்தாள். நீலத்தில் வெள்ளைப் பூ.

நான் கடலூருக்குக் கிளம்பிய காலையில், கூலி ஆட்கள் எல்லாம் கூடி நிற்கும்போது அவர் கோட்டோடு வந்தார்.

"ரைட்டர், புது மோட்டாரெல்லாம் நமக்குக் கட்டாது. பழசு போதும். ஆனா சல்லிசா, நல்லதாப் பாத்து வாங்கியாங்க."

"சல்லிசும் நல்லதும் சேந்து கெடைக்கறது கஷ்டமுங்க."

"ஏனுங்க, எனக்கு நீங்க கெடைக்கலீங்களா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாகத்தான் இருந்தது அந்தப் பேச்சு. அதே மூச்சில், யாரோ மறந்துபோன சாமான் ஒன்றை நினைவுபடுத்துகிற மாதிரி, "அப்புறம், போட்டை நம்ம மச்சான் சித்தன் பாத்துக்குவான். அந்த ரூமும் அவனுக்குத்தான். பையன் சும்மா திரியறான்" என்றார். பையனுக்கு நாற்பது வயது.

"அதுல நாங்க இருக்கறதா..."

"உங்க ஊட்டம்மாளுக்குத் தண்ணிக் காத்து ஆவாதுங்க ரைட்டர். நான் யோசிக்காமயா இருப்பேன்?"

பை எடுக்க வீட்டுக்குள் போனேன். சாந்தாமேரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வெரக்கடை நீளமா வெச்சுத் தெச்சுட்டனுங்க. ஜன்னலுக்குச் சரியா வருமா?"

"வரும்" என்றேன்.

கடலூரில், கையிலிருந்த தொகைக்கு இரண்டு மோட்டார்கள் அகப்பட்டன. ஒன்று உப்பேறியது, குளிர்விக்கிற தண்ணீர் வெளியே பீய்ச்சுவதற்குப் பதில் சொட்டியது. ஆனால் உறுப்பெல்லாம் முழுசாக இருந்தது. மற்றது உள்ளே சுத்தம். பீப்பாய்த் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன், ஒரே இழுப்பில் எழுந்தது. குறை ஒன்றே ஒன்று. கியர் விழுந்திருக்கும்போது மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுக்க விடாமல் தடுக்கும் கொக்கி உடைந்து போயிருந்தது. கடைக்காரர் நேர்மையான மனிதர், அவர் மேல் எதுவும் எழுதிவிடாதீர்கள். இரண்டு முறை சொன்னார்.

"கியரை நடுவுல வச்சுட்டு, உக்காந்துகிட்டுத்தான் கயிறு இழுக்கணும் சார். முன் கியர்ல இழுத்தா போட்டு தாவிடும். நிக்கிறவன் பின்னால தண்ணியில விழுவான்."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு இரண்டாவதைக் கட்டச் சொன்னேன். சிக்கனமாக வாங்குகிறவன் எவனும் அதைத்தான் எடுப்பான். குப்பனூர் வழி பஸ்ஸில் சாக்கு சுற்றிக் கொண்டுவந்தேன். "ஏனுங்க, சாக்குக்குள்ள யாருங்க? அவருக்கும் டிக்கெட்டு எடுக்கோணுமுங்க" என்றார் கண்டக்டர். எடுத்தேன்.

திறப்பு விழா அன்று பஞ்சாயத்துத் தலைவர் வந்திருந்தார். சேலத்திலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார், நான்தான் வரவழைத்தேன். மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. எலுமிச்சம்பழம் வந்ததும் ஒரு சிக்கல். லாரி, ஜீப் என்றால் சக்கரத்தடியில் வைக்கலாம், படகுக்கு எங்கே வைப்பது? ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கடைசியில் சித்தன் படகில் ஏறி, அதன் மூக்குக்கு முன்னால் தண்ணீரில் பழத்தை மிதக்கவிட்டார். படகு அதன் மேல் ஏறிப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. பொன்னுவேலு கோட்டும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஏறினார்.

"ரைட்டர், கியரு எங்க இருக்கோணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடுவில் என்று சொல்ல வாயெடுத்தேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

"முன்னாலீங்க. நல்ல காரியம். முதல் அசைவே முன்னால போகோணுமுங்க."

"அதான நெசம்" என்றார் அவருடைய மனைவி அத்தாயி அம்மாள். "சும்மா நின்னு உறுமறதுக்கா பூசை போட்டோம்? எடுத்ததும் பழத்து மேல ஏறோணும்."

பஞ்சாயத்துத் தலைவரும் தலையாட்டினார். அப்படியே முடிவாயிற்று. பிறகு போட்டோக்காரர், உட்கார்ந்தால் படத்தில் கோட்டு விழாது, எழுந்து நின்று கயிற்றைப் பிடியுங்கள் என்றார். அதை நான் சொல்லவில்லை. பொன்னுவேலுவை எழுந்து நிற்கச் சொல்ல ஒரு கேமராவே போதும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். படகைத் துறையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

அவர் மோட்டார்க் கயிற்றை இழுத்தார். படகு தாவியது. பழத்தின் மேல் ஏறித்தான் போனது, அத்தாயி அம்மாள் குலவையிட்டார். குலவை பாதியில் நின்றது. பொன்னுவேலு பின்பக்கமாக விழுந்து தண்ணீரில் இருந்தார். படகு சித்தனை மட்டும் வைத்துக்கொண்டு வட்டமடித்தது. சித்தனுக்கு நிறுத்தத் தெரியாது. நான்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது, அது இனி என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன். மலை ஜனத்தில் நீந்தத் தெரிந்தவர் யார்? கம்பளிக் கோட்டு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. பூட்ஸும் நிரம்பியிருக்கும்.

படகைக் கரைக்கு இழுக்கிற மூங்கில் கழி என் கையில் இருந்தது. எட்டாதா என்று கேட்கப் போகிறீர்கள். எட்டும். பாதிக் கழி போதும். நான் அதைக் கொடிக்கம்பம் மாதிரி நட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ அதைப் பிடுங்கி நீட்டியபோது பிடிக்க அங்கே கை இல்லை.

மோட்டார் மட்டும் பெட்ரோல் தீரும்வரை ஒரு முறைகூடத் திக்காமல் ஓடியது. அதையாவது நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சித்தன் இப்போது தண்ணீர்ப் பக்கமே வருவதில்லை. அந்த அறையில் எங்களையே இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார் அத்தாயி அம்மாள். திரை இரண்டு விரற்கடை நீளம்தான், பார்க்க அழகாக இருக்கிறது. சாந்தாமேரிக்குத் தண்ணீர்க் காற்று ஒன்றும் செய்யவில்லை.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. கரையில் அத்தனை பேர் இருந்தார்கள். பெண்டாட்டி இருந்தாள், பஞ்சாயத்துத் தலைவர் இருந்தார், படகில் மச்சான் இருந்தான். அவர் யாரையும் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்து, அவ்வளவு ஜனத்துக்கு முன்னால், "லாசரு, லாசரு" என்றுதான் கூப்பிட்டார். பாருங்கள் ஐயா, சொகுசுக்கு மச்சான், சங்கடத்துக்கு நான். கடைசி மூச்சிலும் அந்த மனுஷருக்கு அந்தப் புத்தி போகவில்லை.