மதுரைக்காரம்மா ஓட்டு

இல்லம்மா, டிக்கெட்டெல்லாம் வேணாம், இந்த வாரம் பூரா இலவசம். வெளிய போறதுக்கு முன்னாடி அந்த போனை மட்டும் கொஞ்சம் எடுங்க. அதோ தூண்ல கட்டம் கட்டமா ஒட்டியிருக்கு பாருங்க, அதுக்கு நேரா காட்டுனீங்கன்னா ஓட்டுப் போடுற பக்கம் வந்துரும். மாநிலத்துலேயே நல்ல மியூசியம் எதுன்னு போட்டிம்மா. ஜனங்கதான் தேர்ந்தெடுக்கணும். எட்டு ஊரு நிக்குது, நாங்க ரெண்டாவது எடம். நாளைக்கு அஞ்சு மணியோட முடிஞ்சுரும்.

எந்த ஊரு? மதுரையா! அட போங்கம்மா, மொத எடத்துல நிக்கிறதே உங்க ஊருதானே. இதுவரைக்கும் உங்க ஊர்க்காரங்க எல்லாரையும் திட்டிக்கிட்டிருந்தேன். இனிமே நீங்க ஒருத்தரைத் தவிரன்னு மாத்திக்கிறேன். சும்மா, வெளையாட்டுக்குச் சொன்னேன்.

சொந்த ஊருக்குப் போடாம இங்க போட்டா மனசு கேக்காதுங்கிறீங்க. நியாயந்தான். ஆனா ஒன்னு சொல்றேன், உங்க ஊருது பெரிய மியூசியம், தோத்தாலும் தொறந்துதான் இருக்கும். இது வெறும் நெல்லு மியூசியம். ஜெயிச்சாத்தான் இந்த ஹாலு நிக்கும். இல்லன்னா மாசக் கடைசியோட பூட்டிட்டு, செவுத்தச் சொரண்டி வெள்ளையடிச்சு, குடோனுக்கு விட்டுருவாங்களாம். மியூசியத்தப் பாத்துக்குற மேடமே சொல்லிட்டாங்க.

என் வேலை போயிருமேன்னா? அதெல்லாம் இல்லம்மா. என் பேரு துரைராசு, திருவையாத்துக்குப் பக்கத்துல ஒரு வேலி நெலம் கெடக்கு, ஆறரை ஏக்கருக்கு மேல, சொந்த நெலம். ஊர்ல சிரிக்கிறாங்க, மிராசுதாரு வாட்ச்மேன் உடுப்பு மாட்டிக்கிட்டுப் போறாருன்னு. சிரிச்சுட்டுப் போறானுங்க.

போன வருஷம் விதைநெல்லு வாங்க தஞ்சாவூருக்கு வந்தேன். நல்ல மழை. ஒதுங்க எடம் இல்லாம இதுக்குள்ள வந்தேன். மறுநாள் காலைல மேடத்துக்கிட்ட வந்து ஏதாச்சும் வேலை குடுங்கன்னு நின்னேன். ஏன்னு கேக்குறீங்களா? ரெண்டு நிமிஷம் இப்படி வாங்க. பஸ்ஸு எங்க போயிரப் போவுது, மதுரைக்கு அரை மணிக்கு ஒரு வண்டி இருக்கு.

இந்தப் படந்தான். செவுரு பூராவும் ஒரே படம். நடவு. ஏழு பொம்பளைங்க வரிசையா நிக்கிறாங்கல்ல, அதுல ஓரத்துல நாத்து முடிய கையில வச்சுக்கிட்டுச் சிரிக்குதே ஒரு பொண்ணு, காலெல்லாம் சேறு... அது எம் பொண்ணு. வானதி.

ஆமா, கீழ போர்டுல விவசாயக் கூலிப் பெண்கள்னுதான் போட்டிருக்கு. அவ கூலிக்கு நடல. நெலமே எங்களுதுதான். காலேஜ் பிள்ளைங்க கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்தப்ப, நானும் நடுறேன்னு பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு எறங்கிட்டா. அன்னைக்கு எவனாச்சும் எம் பொண்ணைக் கூலிக்காரின்னு சொல்லியிருந்தா அரிவாளைத் தூக்கியிருப்பேன். இப்ப தெனம் அந்த போர்டைத் தொடைக்கிறேன். இருந்துட்டுப் போவட்டும்.

அவளுக்குப் பக்கத்துல குனிஞ்சு நிக்கிறது விண்ணரசி. எங்க வயல்ல நட்டுக்கிட்டிருந்த அம்மா. அந்தம்மா மவன் ஜோஸ்வா நர்ஸுக்குப் படிச்சவன். அவனைத்தான் வானதி கட்டிக்கிட்டா. இந்தப் படம் எடுத்து ரெண்டு வருஷம் கழிச்சு.

நான் என்ன பண்ணேனா? எங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்களோ அதைத்தான் பண்ணேன். நாலு பேரு பாக்க ஆத்துல எறங்கித் தலைமுழுகுனேன். சாவுக்கு முழுகுற மாதிரியேம்மா. அன்னையோட அவ செத்தவன்னு அர்த்தம். பேப்பர்லயும் போட்டேன், எனக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லன்னு. ஈரத்துணியோட வீட்டுக்கு வந்து, அவ படம் அத்தனையும் வெந்நீர் அடுப்புல போட்டேன். மொட்டையடிச்சு காது குத்துன படம் வரைக்கும். எம் பொண்டாட்டி ஒன்னே ஒன்னை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா. அதையும் தேடி எடுத்துப் போட்டேன். அவ எங்கிட்டப் பேசி ஏழு வருஷம் ஆச்சு. சோறு போடுவா, பேச மாட்டா.

போன்ல எடுத்து வச்சுக்கலாமேங்கிறீங்க. எடுத்தேன். கட்டை விரல் அளவுக்குத் தெரியுறா. இங்க என் ஒசரத்துக்கு நிக்கிறாம்மா, நேருக்கு நேரா. காலைல வந்து கதவைத் தொறந்தா மொதல்ல அவ மூஞ்சிலதான் வெளிச்சம் விழும். கழட்டி எடுத்துக்கிட்டுப் போகவும் முடியாது, செவுத்தோட ஒட்டுனது. கிழிக்கத்தான் முடியும். மேடத்துக்கிட்ட கேட்டா வேற ஒன்னு அடிச்சுத் தருவாங்கதான். யாருக்கு, ஒங்களுக்கு இவங்க என்ன வேணும்னு கேப்பாங்கல்ல? எனக்குச் சம்பந்தம் இல்லன்னு நானே பேப்பர்ல போட்டவன். அப்பான்னு சொல்ல வாய் வரல. ஒங்ககிட்டதான் மொத மொதலா சொல்றேன்.

அவ அம்மாவைக் கூட்டியாந்து காட்டலாமா? தெனம் நெனைக்கிறேன். என்னன்னு சொல்லிக் கூப்புடுறது?

அழுவாதீங்கம்மா. நீங்க ஏன் அழுவுறீங்க.

செவுத்துல பாக்குறதுக்கு நேர்லயே போய்ப் பாத்துரலாமேன்னு சொல்றீங்க. கோவத்தையெல்லாம் விட்டுட்டு. விட்டாச்சும்மா, கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு. நாலு வருஷம் முன்னாடி, குறுவை அறுப்பு நடந்துக்கிட்டிருந்துச்சு. களத்துல நிக்கிறேன், விண்ணரசிதான் போன் பண்ணுச்சு. ஐயா, பிரசவத்துல நம்ம வானதி பாப்பா போயிருச்சுய்யா, புள்ளையும் தங்கல, நீங்க வந்து மூஞ்சியப் பாத்தாத்தான் எடுப்போம்னு அழுவுது. சுத்தி நம்ம ஆளுங்க நின்னு பாத்துக்கிட்டிருந்தானுங்க. நான் சத்தமா, அவளுக்குத்தான் அப்பவே முழுகியாச்சேன்னு சொல்லிட்டு, போனை வச்சுட்டு நெல்லு தூத்தப் போயிட்டேன்.

அந்தம்மா சாயங்காலம் வரைக்கும் அவளை எடுக்காம வச்சிருந்துச்சாம்.